எத்தனைக்குள்ளீங்க?

அவளிடம் யார் எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் முதலில் வரும் கேள்வி இதுதான்: "எத்தனைக்குள்ளீங்க?"

தேர்வுக்கு விண்ணப்பிக்கும் பெண் தன் புகைப்படத்தோடு வருவாள். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் பூச்சி விழுந்த காப்பிச் செடியைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வருவார். சேலத்திலிருந்து கல்யாணப் படக்காரர் இரண்டாயிரத்துச் சொச்சம் படங்களோடு வருவார். கேள்வி மாறாது. ஐம்பது கே.பி.க்குள் என்றால் ஐம்பதுக்குள். இருபதுக்குள் என்றால் இருபதுக்குள். ஏன் இருபது, அதை யார் வைத்தது, இருபத்தொன்று ஆனால் யார் குடி முழுகிவிடும் என்று அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. அளவைச் சொன்னால் போதும். பொருளை அதற்குள் அடக்கிக் கையில் கொடுத்துவிடுவாள்.

நானோ அளவு வைப்பதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவன். அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டு. விண்ணப்பம் இந்தத் தாளில், இடப்பக்கம் இவ்வளவு ஓரம் விட்டு, இந்தத் தேதி மாலை ஐந்தே முக்காலுக்குள் என்று பிறருக்குச் சொல்லியே முடி நரைத்தது. ஓய்வு பெற்று ஏற்காட்டுக்கு வந்தபின் சொல்வதற்கு ஆளில்லாமல் போயிற்று. மலைக்குளிரைவிட அது கடினமாக இருந்தது. அந்த நிலையில்தான் அவள் கடைக்குள் நுழைந்து, அவள் வாயால் அந்தக் கேள்வியைக் கேட்டேன். முதல் நாளே எனக்கு அவளைப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

கடை ஒண்டிக்கடை முனையில், ஒரு லாட்ஜின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. படியின் சரிவுதான் கூரை. வாசலில் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே போகப் போகக் கூரை இறங்கிவரும். கணினி இருந்தது கடைசி மூலையில். அவள் எழுந்திருக்கும்போதெல்லாம் தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு எழுந்திருப்பாள். பழக்கம் அப்படி ஏறிப்போய், திறந்த வெளியில் பாறைமேல் உட்கார்ந்து எழுந்தாலும் தலையைச் சாய்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். சன்னல் கிடையாது. பனிமூட்டம் கதவு வழியாக வந்து, வந்த வழியே போகும். மேலே சுற்றுலாக்காரர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறினால் விசைப்பலகைமேல் சுண்ணாம்பு உதிரும். அவள் நிமிர்ந்து பார்க்காமலே சொல்வாள்: "நாலு உருப்படிங்க. ஒருத்தர் நல்ல கனம்."

கல்யாணப் படங்கள் வந்தால் அவளுக்குத் திருவிழா. எல்லாப் படத்தையும் மொத்தமாகத் தேர்ந்தெடுப்பாள். அகலம் இவ்வளவு, எடை இவ்வளவு என்று கொடுப்பாள். பொத்தானைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வாள். கணினி ஒவ்வொரு படத்தையும் இமைக்கும் நேரம் திரையில் காட்டிவிட்டுச் சுருக்கி அடுத்ததற்குப் போகும். அந்த ஒரு மணி நேரமும் அவள் கண்ணெடுக்க மாட்டாள்.

"மிஷின் தானா செய்யுது. நீ எதுக்கும்மா காவல்?" என்றேன் ஒருநாள்.

"நானெங்கீங்க கண்ணாலங் காச்சின்னு போறேன்? இப்பிடிப் பாத்துட்டா ஒரு எட்டுப் போயிட்டு வந்தாப்பல இருக்குதுங்க." கொஞ்ச நேரம் கழித்து, "பொண்ணோட அத்தை ஆயிரத்து எரநூறு படந் தாண்டியும் சிரிக்கலீங்க. பந்தியில எடங் கெடைக்கல போல" என்றாள்.

கடை மாமியார் பெயரில் இருந்தது. ஆறு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது மாமியார் வைத்த அளவு. ஐந்தே முக்காலுக்குக் கதவை இழுத்துப் பூட்டிவிடுவாள். அலுவலகம் மூடும் அதே நேரம் என்பதில் எனக்கு ஒரு திருப்தி. கணவன் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். நல்ல பையன், வாயைத் திறக்கமாட்டான். கடைக்கு வந்தால் அந்தக் கணினியில் சினிமாப் பார்ப்பான். அவள் வாசலில் நின்றுகொண்டிருப்பாள். போன் ஒன்றுதான். அது வீட்டுக்குப் பொது.

அவள் அதையும் குறையாகச் சொன்னதில்லை. அரை டம்ளர் டீ வாங்கினால் அரை டம்ளரோடு தாகம் தீர்ந்துவிடும். இப்படி ஒரு ஆள் என் பிரிவில் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்றுகூட நான் நினைத்ததுண்டு.

அந்த வருஷம்தான் கொட்டச்சேடு பக்கத்து ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மலைக்காரர்களுக்கு மனைப்பட்டாவுக்குக் கணினி வழியாக விண்ணப்பிக்கலாம் என்று வழி திறந்தது. குடும்பம் வீட்டின் முன் நிற்கும் படம் ஒன்று கட்டாயம், ஐம்பது கே.பி.க்குள். ஊர்க்காரர்கள் என்னிடம் வந்தார்கள். நான் அவளிடம் போனேன். மாமியாரிடம் அரசாங்க வேலை என்று சொல்லி, பகலில் மட்டும், பதினைந்து நாளைக்கு, அனுமதி வாங்கினேன்.

வேலையை அவள் எடுத்த விதம் எனக்கு இன்றும் வியப்பு. மற்றவர்கள் பெரிதாகப் படம் எடுத்துவிட்டுப் பிறகு சுருக்குவார்கள். அவள் சுருங்கியபின் என்ன மிஞ்சும் என்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள். யார் படம் எது என்று தெரிய ஒவ்வொரு குடும்பமும் வரிசை எண் எழுதிய சிலேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று நான் முறை வகுத்திருந்தேன். சிலேட்டில் எண், பெயர், தந்தை பெயர், ஊர் எல்லாம் எழுதச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு எண்ணை மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு எழுதினாள்.

"ஐம்பதுக்குள்ள போனா சின்ன எழுத்தெல்லாம் செத்துப்போயிருமுங்க சார். இது ஒண்ணுதான் பொழைக்கும்."

ஒரு பெரியவர் மாட்டை அவிழ்த்துக் கொண்டுவந்து நிறுத்தினார். "அம்மிணி, இதையுஞ் சேத்துப் புடி. இதும் இந்த ஊட்ல பொறந்ததுதான்."

"மாடு நின்னா உங்க மூஞ்சி கடுகாட்டம் ஆயிருமுங்க. பட்டா உங்களுக்கா, மாட்டுக்கா?"

"எம் பேர்ல இருந்து என்னத்துக்காவுது? பாலு கறக்கறது அதுதான."

மாட்டை அனுப்ப அரைமணி நேரமாயிற்று. கடைசியில் நின்ற படத்தில் ஓரமாக ஒரு வால் இருக்கும். அவள் வேண்டுமென்றே விட்டாள் என்பது என் சந்தேகம்.

அன்று திரும்பும்போது பஸ் வரவில்லை. எஸ்டேட் வேலியோரம் பாறையில் உட்கார்ந்தோம். அப்போதுதான் சொன்னாள். பிரிண்டருக்கு மை வாங்கப் போவதாகச் சொல்லி ஒருநாள் சேலம் போனாளாம், மை வாங்கினாளாம், நடுவில் தட்டச்சர் வேலைக்கான அரசுத் தேர்வையும் எழுதிவிட்டு வந்தாளாம். தேர்ச்சி பெற்றுவிட்டாள். இனிச் சான்றிதழ்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். அதற்கான தளம் வரும் திங்கட்கிழமை திறந்து வெள்ளிக்கிழமை மூடும்.

"ஊட்ல யாருக்குந் தெரியாதுங்க. வேலை எந்த ஊர்ல குடுத்தாலும் போயிருவனுங்க. அவரும் பொறகால வருவாரு. எனக்கு நிமுந்து உக்காந்து ஒரு வேலை பாக்கோணுமுங்க சார்."

அவள் வாயிலிருந்து எனக்கு வேண்டும் என்று ஒரு சொல் வந்ததை அன்றுதான் கேட்டேன்.

"சான்றிதழ் எங்கே இருக்கு?"

"அத்தையோட பீரோவுல. கண்ணாலமாகி வந்தன்னைக்கு வாங்கி வெச்சாங்க. ரேஷன் கார்டுல பேரு சேக்கறப்ப ஒரு தடவை குடுத்தாங்க. எத்தனைக்குள்ள கொண்டாருவேன்னு கேட்டாங்க. ஒரு மணி நேரத்துக்குள்ளன்னேன். அந்த ஒரு மணி நேரத்துல அத்தனையும் ஸ்கேன் பண்ணிக் கம்ப்யூட்டர்ல போட்டுட்டனுங்க. எங்கன்னு மட்டுங் கேக்காதீங்க. அவரு சினிமாப் பாக்கற மிஷினு."

நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமைக்குள் படங்கள் முந்நூற்றைத் தாண்டின. ஊருக்கு ஒரு ஃபோல்டராக அடுக்கி வைத்திருந்தாள். பட்டா விண்ணப்பத்துக்கு ஞாயிறு கடைசி நாள். படங்களைச் சுருக்க வேண்டியதுதான் பாக்கி. உட்காரப் போன நேரத்தில் மாமியார் வீட்டுப் போனிலிருந்து என் எண்ணுக்கு அழைத்தார்: விருந்தாளி வந்திருக்கிறார்கள், வா. "அரை மணி நேரத்துக்குள்ள வந்தர்றனுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்து எழுந்து போனாள்.

அரைமணி போயிற்று. முக்கால்மணி போயிற்று. சுருக்கும் முறையை அவள் சொல்லச் சொல்ல நான் நோட்டில் படிப்படியாக எழுதி வைத்திருந்தேன். படி ஒன்று, ஒரு ஊரின் ஃபோல்டரைத் திற. படி நான்கு, சிறிதான படங்களை வேறு இடத்தில் போடு, அசலைத் தொடாதே. எனக்கு அந்த நான்காம் படி அப்போதே உறுத்தியது. ஒரே பொருளுக்கு இரண்டு கோப்பு இருக்கக் கூடாது என்பது அலுவலகத்தின் பாலபாடம். இரண்டு இருந்தால் ஒன்று தவறாக வெளியே போகும். அவளிடமே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். தலையாட்டிவிட்டு அசலை விட்டுவைப்பாள்.

மூலையில் போய் உட்கார்ந்தேன். ஊர் ஊராகச் செய்வானேன், மொத்தமாகச் செய்வோம் என்று பெரிய ஃபோல்டரையே எடுத்தேன். உள்ளே இருக்கும் ஃபோல்டர்களையும் சேர்க்கவா என்று கேட்டது, சேர் என்றேன். அசல் படத்தின் மேலேயே பதியவா என்று கேட்டது, பதி என்றேன். ஊர்ப் பெயர்களுக்குக் கீழே கடைசியாக 'விடுபட்டவை' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. விடுபட்டவை என்ற சொல்லைக் கண்டால் என்னைப் போன்றவனுக்கு உடம்பு சிலிர்க்கும். எந்தக் குடும்பமும் விட்டுப்போகக் கூடாது. திறந்துகூடப் பார்க்காமல் அதையும் சேர்த்தேன்.

படங்கள் ஓடின. மாட்டு வால் வந்து போனது. கடைசியில் ஏழெட்டுத் தாள்கள் வெள்ளை வெள்ளையாக வந்து போயின. அவற்றை நான் பார்த்தேன். ரேஷன் கார்டு நகலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் வந்து, முடிந்துவிட்டது என்றதும் சந்தோஷப்பட்டாள். ஞாயிறு மாலைக்குள் எல்லாக் குடும்பத்தையும் ஏற்றிவிட்டோம். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. எல்லோருக்கும் பிற்பாடு பட்டா கிடைத்தது. என் வாசலுக்கு இன்றைக்கும் பலாப்பழம் வருகிறது.

திங்கட்கிழமை காலை நான் போனபோது அவள் திரையை முழுதாகப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் பரப்பில் சாம்பல் நிறத்தில் புழு நெளிந்ததுபோல் வரிகள். நடுவில் ஒரு வட்டக் கறை. சான்றிதழின் முத்திரையாக இருக்க வேண்டும்.

"விடுபட்டவையையும் சேத்தீங்களா சார்?"

சேர்த்தேன் என்றேன்.

"அசல் மேலயே போட்டீங்களா?"

போட்டேன் என்றேன். எனக்கு இன்னும் புரியவில்லை என்று பாவனை செய்ய ஒரு கணம் முயன்றேன். பிறகு, "பெரிசாக்கினா வராதா?" என்று கேட்டேன்.

"பெருசாகுமுங்க. எழுத்து வராதுங்க."

குப்பைத் தொட்டி என்று ஒன்று இருக்குமே, அதில் பார் என்றேன். மேலேயே பதிந்தால் குப்பையில்கூட விழாது என்றாள். வேறெங்கும் வைக்கவில்லையா என்றேன். மெயிலில் போட்டால் போனிலும் திறக்கும், போன் பொது என்றாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. மாடிப்படியில் பெட்டி ஏறியது. சுண்ணாம்பு உதிர்ந்தது. அவள் எத்தனை பேர் என்று சொல்லவில்லை.

புதன்கிழமை என் வீட்டுக்கே வந்தாள். உட்காரவில்லை.

"நீங்க வந்து அத்தைகிட்டக் கேளுங்க சார். நான் கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க. உங்கள ஆபீசருன்னு நெனச்சுட்டிருக்காங்க. நீங்க கேட்டாக் குடுப்பாங்க."

"எந்த விதிப்படி கேக்கறது?"

"எதாச்சும் ஒரு விதி இருக்காதுங்களா?"

இல்லை. ஆகவே ஒன்றை நானே செய்தேன். கணினி வழிச் சேவை செய்யும் கடைகளில் இயக்குபவரின் கல்வித் தகுதி அசலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட வேண்டும். முப்பத்து நான்கு ஆண்டில் பிறர் இயற்றிய விதிகளைத்தான் நிறைவேற்றியிருக்கிறேன். நானாக இயற்றியது அது ஒன்றுதான். கேட்பதற்கு நன்றாகவே இருந்தது.

வியாழக்கிழமை ஒரு கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். மாமியார் ஒல்லியான, கண்ணியமான அம்மாள். காப்பி கொடுத்தார். விதியைச் சொன்னேன். இடுப்புச் சாவியால் பீரோவைத் திறந்து, மஞ்சள் பையிலிருந்த கட்டை எடுத்து என் கையில் வைத்தார். நான்கு நிமிஷம் ஆகியிருக்கும். எதற்கு என்று கேட்கவில்லை. எத்தனைக்குள் என்றும் கேட்கவில்லை. நானாகத்தான் ஒரு தாளை எடுத்து, 'அசல் சான்றிதழ்கள் ஏழு பெற்றுக்கொண்டேன். இன்று மாலைக்குள் திருப்பி ஒப்படைப்பேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கேட்காதவருக்கு ரசீது கொடுத்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

கடையில் அவள் ஸ்கேன் செய்தாள். ஒவ்வொன்றையும் சொன்ன அளவுக்குள் சுருக்கினாள்; அசலை வேறு இடத்தில் வைத்துவிட்டு. ஏற்றினாள். விண்ணப்பம் பெறப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. தொடர்பு எண் என்ற இடத்தில் தயங்கி, "உங்க நெம்பரப் போட்டுக்கட்டுங்களா சார்?" என்றாள். விண்ணப்பதாரரின் சொந்த எண் மட்டுமே என்று குறிப்பில் இருந்ததை நான் படித்துக் காட்டினேன். பொதுப் போனின் எண்ணைப் போட்டாள்.

பிறகு சான்றிதழ்களை அடுக்கி, ஓரம் தட்டிச் சமன் செய்தாள். என்னிடம் நீட்டியபோது கையை எடுக்கவில்லை.

"இது உங்க ஊட்லயே இருக்கட்டுங்க சார். நாளைக்கு அசலு வேணும்பாங்க."

"மாலைக்குள்ள திருப்பித் தர்றதா எழுதிக் கொடுத்திருக்கேம்மா."

"அத்தை மறந்தே போயிருப்பாங்க."

"கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். ஐந்தரை மணிக்கு மஞ்சள் பையை மாமியாரிடம் ஒப்படைத்தேன். என் ரசீதைத் திரும்ப வாங்கி, அதன் அடியில் 'ஏழும் சரியாகப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி அவரிடம் கையெழுத்தும் வாங்கினேன்.

"சொன்ன நேரத்துக்குள்ள கொண்டாந்துட்டீங்க. ஆபீசருன்னா இப்பிடித்தானுங்க இருக்கோணும்" என்றார் அந்த அம்மாள். பீரோவைப் பூட்டியபடியே சொன்னார்: "மூத்த மருமவளும் படிச்சவதானுங்க. சர்ட்டிபிகேட்ட எடுத்துட்டு வேலைக்குன்னு கீழ போனா. எம் பையனும் பொறகாலயே போனான். மாசத்துக்கு ஒருக்கா போன்ல பேசறான். இவன் ஒருத்தன்தான் எனக்கு மிச்சமுங்க."

சாவி இடுப்புக்குப் போயிற்று. நான் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அழைப்பு வந்தது: சான்றிதழ் சரிபார்ப்பு, சென்னையில், அசல்களோடு. குறுஞ்செய்தி என்பதால் வீட்டில் எல்லோரும் அவளுக்கு முன்பே படித்துவிட்டார்கள். சண்டை எதுவும் நடக்கவில்லையாம். "அதெதுக்குக் கண்ணு? கடை இருக்குது, ஊடு இருக்குது" என்றாராம் மாமியார். கணவன், "அம்மாவக் கேளு" என்றானாம். அவ்வளவுதான்.

சரிபார்ப்பு நாளன்று நான் கடைக்குப் போனேன். பனி வாசலை மறைத்துக்கொண்டிருந்தது. உள்ளே யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போகலையாம்மா?"

"போகலீங்க."

ஆயிரத்து நாற்பது, ஆயிரத்து நாற்பத்தொன்று என்று எண் ஏறியது. மாப்பிள்ளை வந்தான், மேளக்காரர்கள் வந்தார்கள், இலையில் பாயசம் வந்தது. ஒரு பையன் பெற்றோருடன் நுழைந்து புகைப்படத்தை நீட்டினான். அவள் அதே குரலில், கொஞ்சமும் மாறாமல், "எத்தனைக்குள்ளீங்க?" என்றாள். எனக்குக் கூரை இன்னும் ஒரு சாண் இறங்கியது போல் இருந்தது. அன்று அங்கிருந்து வெளியே வரும்போது நானும் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் வந்தேன். வாசலில் அதற்கு அவசியமே இல்லை.

அதன்பின் ஒரு வருஷம் போல ஆகியிருக்கும். ஒருநாள், வேறு யாருமில்லாத நேரம் பார்த்துக் கேட்டாள்.

"சர்ட்டிபிகேட்டு தொலைஞ்சு போச்சுன்னா வேற வாங்கற முறை என்னங்க சார்?"

முறையைக் கேட்டதும் நான் பொங்கிவிட்டேன். காவல் நிலையத்தில் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்று சான்று, வட்டாட்சியர் கையெழுத்து, படித்த பள்ளி வழியாக விண்ணப்பம், எல்லாவற்றுக்கும் முதலில், தொலைந்தது உண்மை என்று அவளை நன்கறிந்த ஒருவரின் உறுதிமொழி. வரிசையாகச் சொல்லி முடித்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

"தொலைஞ்சு போச்சா?"

"தொலைஞ்சு போச்சுங்க" என்றாள், என் கண்ணைப் பார்த்து. "நீங்க என்னைய நல்லா அறிஞ்சவரு. போட்டுக் குடுங்க."

அவை பீரோவில் இருக்கின்றன என்பதற்கு உலகத்தில் எழுத்துமூலமான அத்தாட்சி ஒன்றுதான் உண்டு. அது மாமியார் கையெழுத்தோடு என் அலமாரியில் இருந்தது.

"யோசிச்சுச் சொல்றேம்மா."

"எத்தனை நாளைக்குள்ளீங்க?"

எத்தனையோ பேரிடம் அவள் இப்படிக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் கேட்டது அந்த முதல் நாளுக்குப் பிறகு அன்றுதான்.

"ஒரு வாரம்."

வாரம் முழுக்க அந்த உறுதிமொழியை எழுதினேன், கிழித்தேன். பொய்யென்று தெரிந்தே கையெழுத்திட்டால் என்ன பிரிவு, என்ன தண்டனை என்று எனக்கு மனப்பாடம். ஆறாம் நாள் காலை கையெழுத்துப் போட்டேன். மை காய்வதற்குள் ஒண்டிக்கடைக்கு நடந்தேன்.

அவள் தாளை வாங்கி முழுக்கப் படித்தாள். நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"வேண்டாமுங்க சார். எஸ்டேட் ரைட்டர் அண்ணன் அன்னைக்கே போட்டுக் குடுத்துட்டாருங்க. என்னன்னுகூடக் கேக்கல. நின்னுட்டே போட்டாரு."

"இதையும் வெச்சுக்கோயேன்."

"ஒரே பொருளுக்கு ரெண்டு கோப்பு எதுக்குங்க? நீங்கதான சொல்லுவீங்க." அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்ததா என்று பலநாள் யோசித்திருக்கிறேன். இருந்திருந்தால் எனக்கு நிம்மதி.

புதுச் சான்றிதழ்கள் வந்தது எப்போது, அடுத்த தேர்வு எழுதியது எப்போது என்று எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு பங்குனியில் மாடிப்படிக்கு அடியில் இருந்த கடை பூட்டிக் கிடந்தது. எதிரே இருந்த டீக்கடைக்காரர்தான் சொன்னார். "குப்பனூர் பஸ்ல போச்சுங்க. ஒரே ஒரு பை. கீழ ஏதோ ஆபீசுல வேலையாம். பஸ்ல ஏறறப்பக்கூட தலையச் சாச்சுட்டுத்தான் ஏறுச்சு, பாவம்." ஆறு மாதத்தில் கணவனும் வேனோடு இறங்கிப் போனான்.

நான் இத்தோடு முடித்துவிடலாம். முடிக்க முடியாததற்குக் காரணம், போன ஐப்பசி மழையில் அந்த அம்மாள் குடையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்ததுதான். மிகவும் தளர்ந்திருந்தார். கையில் மஞ்சள் பை.

"பையன் போன்ல பேசினானுங்க. அவ நல்லாத்தான் இருக்காளாம். இது இனி என்கிட்ட எதுக்குங்க? நான் கண்ண மூடறதுக்குள்ள அவகிட்டச் சேத்துப்போடுங்க. தபால்ல போட பயமா இருக்குது. நீங்க வாங்கினாத் திருப்பிக் குடுக்கறவரு."

ஏழும் சரியாக இருந்தன. பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

முறைப்படி அந்த ஏழும் தொலைந்து போனவை. அவை கிடைத்துவிட்டதாகத் தெரிந்தால் நகலை வழங்கிய அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் எங்கே கிடைத்தது என்று கேட்பார்கள். சொன்னால் அவள் வேலைக்கு ஆபத்து. அவளுக்கு அனுப்பினால் அவளை அந்தச் சிக்கலில் நான் மாட்டிவிடுகிறேன். எரித்தால் அடுத்தவர் உடைமையை அழித்தவன். ஆக அவை என் அலமாரியில் இருக்கின்றன. பீரோவில் இருந்ததற்கான அத்தாட்சி ஒன்று, தொலைந்ததற்கான உறுதிமொழி ஒன்று, இரண்டிலும் என் கையெழுத்து, பக்கத்தில் மஞ்சள் பை. அலமாரிச் சாவியை நான் யாரிடமும் கொடுப்பதில்லை.

அன்று படியிறங்கிய அந்த அம்மாள் மழையில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"எத்தனை நாளைக்குள்ள சேத்துவீங்க?"

ஒரு வாரம் என்றேன்.

அடுத்த ஐப்பசி வந்துவிட்டது.